சோலைமந்திக்கு மும்பையில் ஓர் ஊர்க்கூட்டம்

ஒரு மலையைப் பற்றிப் பேசுவதற்காக நான் மும்பைக்குப் போக வேண்டியிருந்தது. மலை இருப்பது பாபநாசத்துக்கு மேலே. மலைத்தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் இருப்பது தாராவியில். இதைச் சொன்னால் அம்பாசமுத்திரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர்கூட நம்பவில்லை. நான் மும்பை பார்க்க ஆசைப்பட்டு ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தார்.

விஷயம் இதுதான். அடிவாரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் பொதுவாக மலைமேல் ஒரு தோட்டம் உண்டு. பலா, நாவல், காட்டுமா, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற வெடிப்பலா மரங்கள். யாரும் போய்ப் பராமரிப்பதில்லை என்பதால் தோட்டம் பாதிக் காடாகிவிட்டது. இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே அது இருப்பதால் சோலைமந்திகளுக்கு அதுதான் வழி. சிங்கவால் குரங்கு என்றால் பலருக்கும் தெரிந்திருக்கும். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது காட்டில் கிடையாது. தரையில் இறங்க அதற்குப் பிடிக்காது. கிளைக்குக் கிளை தொட்டிருந்தால்தான் போகும். நடுவிலுள்ள மரங்களை வெட்டிவிட்டால் இரண்டு காட்டிலும் உள்ள கூட்டங்கள் அந்தந்த இடத்திலேயே அடைபட்டுத் தேய்ந்துபோகும்.

அந்தத் தோட்டத்தை ஒரு கம்பெனி விடுதி கட்டக் கேட்டிருந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்பு வேலை பார்க்கும் எங்கள் சிறு குழு அதையே சமுதாயக் காப்பகமாக்கலாம் என்று திட்டம் வரைந்திருந்தது. நிலம் ஊர்க்காரர்கள் பேரிலேயே இருக்கும், மரம் மட்டும் நிற்க வேண்டும். சம்மதம் கேட்க ஊருக்குப் போனால், பிழைப்புக்காக மும்பைக்குப் போய்விட்டதால் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. டீக்கடைக்காரர் சிரித்தார். "ஊர்க்கூட்டம் இங்க எங்க நடக்கு? பம்பாய்லலா நடக்கு. ஞாயித்துக்கெழம தாராவிக்குப் போங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த ஊரில் எந்த முடிவுக்கும் எல்லா வீடும் ஒத்துவர வேண்டும்; ஊரில் மிச்சமிருப்பவர்கள் சார்பாகவும் மும்பையில் ஒருவர் உட்காருவார். ஒரு வீடு மறுத்தாலும் பேச்சு முடிந்தது. கம்பெனிக்காரரும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறாராம்.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வரைபடச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு, தாதர் ரயில் நிலையத்தில் நின்றேன்.

மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன்தான். கோயம்புத்தூரில் என்னோடு படித்த வைதேகி அங்கே இருக்கிறாள். "பச்சைக் குழந்தை கூட வந்துடும்" என்று போனில் சொல்லியிருந்தாள். பச்சைக் குழந்தையாக இருந்திருந்தால் யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பார்கள். நான் படித்தவள் என்பதால் முதலில் வந்த வண்டியில் நம்பிக்கையோடு ஏறினேன். லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி. ஏறினேன் என்பதுகூடச் சரியில்லை, ஏற்றப்பட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் அந்த வேலையைச் செய்துகொடுத்தார்கள்.

மாட்டுங்கா என்ற பலகை ஜன்னலில் வந்தது, போனது. வண்டி நிற்கவே இல்லை. எதிர் இருக்கையில் ஓர் அம்மாள் மடியில் செய்தித்தாள் விரித்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது போலும். இது கல்யாண் போகும் ஃபாஸ்ட், சின்ன ஸ்டேஷனில் நிற்காது, காட்கோபரில் இறங்கி எதிர்ப்பக்கம் வரும் ஸ்லோ வண்டியில் திரும்பிப் போ என்று மராத்தி கலந்த இந்தியில் சொன்னார். பிறகு டப்பா முழுவதும் என் பிரச்சினையை எடுத்துக்கொண்டது. ஒருத்தி என் பையைத் தலைக்கு மேல் வாங்கி வாசல்வரை கைமாற்றிவிட்டாள். இன்னொருத்தி வரைபடச் சுருள் கசங்காமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். "இறங்கும்போது யோசிக்காதே, வண்டி யோசிக்காது" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். காட்கோபரில் என்னையும் சுருளையும் பையையும் தனித்தனியாக இறக்கிவைத்துவிட்டு அந்த வண்டி போய்விட்டது. ஒருத்தர் பெயரும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் பஸ்ஸில் இப்படி ஒருவர் வழி தவறியிருந்தால் முதலில் நான்கு பேர் அறிவுரை சொல்லியிருப்பார்கள், பிறகுதான் பையைத் தொட்டிருப்பார்கள்.

வைதேகி மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். பாலக்காட்டுப் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. எங்கள் காப்பகத்துக்கான வரைபடத்தை அவள்தான் நட்புக்காகப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"ஃபாஸ்ட்ல ஏறிட்டயா? ஒரு தடவை எல்லாரும் ஏறுவா. ரெண்டாம் தடவை ஏறினாத்தான் வெட்கம்" என்றாள்.

நேராக ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே உட்கார இடம் தேட வேண்டியதில்லை, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவரும் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் வேகமாகச் சாப்பிடுகிறார். ரசத்தில் ஊறிய வடை வந்தது. நான் காபி விஷயத்தில் கொஞ்சம் திமிர் பிடித்தவள். தமிழ்நாட்டுக்கு வடக்கே காபி கிடையாது என்று பல வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன். முதல் மிடறிலேயே அந்தப் பேச்சை வாபஸ் வாங்கினேன். வைதேகி கவனிக்காத மாதிரி சட்டினியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் தாராவி. ஊர்ச் சங்கத்தின் தலைவர் செல்லையா அண்ணாச்சி, தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து அவரே வந்து கூட்டிப் போனார். நல்ல வேளை. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய முடுக்குகள். மேலே தகரமும் தார்ப்பாயும் மூடிய ஒரு கீற்று வானம். ஒரு வாசலில் இட்லித்தட்டு ஆவி, அடுத்த வாசலில் பசை வாடை, அதற்கடுத்ததில் ஒரு பெண் லேப்டாப்பில் ஏதோ கணக்கு முடித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்த ஓர் ஆளைக்கூட நான் பார்க்கவில்லை. பூனைகள்கூட எங்கேயோ வேலையாகப் போய்க்கொண்டிருந்தன. பல சுவர்களில் சமீபத்தில் எழுதிய எண்கள் தெரிந்தன. வீடுகளைக் கணக்கெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றார் அண்ணாச்சி. எல்லாம் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். யாருக்கு எங்கே வீடு என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

பட்டறையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் முத்துக்கனி அக்கா முறுக்குச் சுடுகிற கையோடு வந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் மாவு. நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுட்டு, கடைகளுக்குப் போடுகிறாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். நல்ல மொறுமொறுப்பு. வாயில் அது இருக்கும்போதே என்னைப் பேசச் சொன்னார்கள்.

வரைபடத்தை விரித்தேன். இரண்டு பக்கமும் அரசுக் காடு, கரும்பச்சை. நடுவில் ஊர்த்தோட்டம், இளம்பச்சை. "இதை ஒரு சமுதாயக் காப்பகமா ஆக்கலாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"காப்பகமா? தாய் தகப்பன் இல்லாத பிள்ளையள வச்சிருக்குற எடம்லா அது?" என்றாள் முத்துக்கனி அக்கா. "அங்கன யாரு அநாதையா கெடக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் கேட்டது நியாயம்தான், எங்கள் ஊரிலும் காப்பகம் என்ற பலகை அப்படிப்பட்ட வீட்டு வாசலில்தான் தொங்கும். இளைஞர்கள் இரண்டு பேர் தமிழைக் காதில் வாங்கி இந்தியில் முணுமுணுத்துக்கொண்டிருந்ததால், இங்கிலீஷில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும் என்று நினைத்தேன். "ரிசர்வ்" என்றேன். "கம்யூனிட்டி ரிசர்வ். நாம எல்லாரும் சேர்ந்து இந்த நிலத்தை ரிசர்வ் பண்ணி வைக்கிறோம்."

சிரிப்பு நின்றது. கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்தது போல் அத்தனை முகமும் அடங்கிவிட்டது. ஒருவர் வரைபடத்தில் இளம்பச்சைப் பகுதியின் மேல் விரலை வைத்துப் பக்கத்து ஆளைப் பார்த்தார்.

"ரிசர்வேஷனா?" என்றாள் முத்துக்கனி அக்கா மெதுவாக. "மலைக்குமா வந்துட்டாவ?"

எழுந்து, மாவுக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலை இருக்கிறது என்றார்கள். அண்ணாச்சி மட்டும் மரியாதையாக டீ வரவழைத்தார். "நாளைக்குக் கூட்டத்துல பேசிக்கிடலாம் மேடம்" என்றார். காலையில் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டிருந்தார். மேடம் ஆனது எனக்குச் சுருக்கென்றது. என்ன தப்புச் செய்தேன் என்று டீயைக் குடித்து முடித்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்து வைதேகியிடம் ஒப்பித்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவாகிட்ட ரிசர்வ்னா சொன்னே? பச்சைக் கலர் மேப்பை வேற கையில வெச்சுண்டா? போச்சு போ. தப்பு உன் மேலயும் இல்லே, அவா மேலயும் இல்லே. மேப் போட்டது நான்தான். வா, செம்பூர் போயிட்டு வரலாம்."

எதற்கு என்று கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். சுனாபட்டி கடந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. யாரும் கத்தவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முன்னால் ஒரு டெம்போ தண்ணீரில் நின்றுபோய்விட்டது, தள்ள ஆள் வேண்டும் என்றார். ஆபீஸ் சட்டை போட்ட ஆறேழு பேர் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினார்கள். தள்ளிவிட்டு, நனைந்தபடியே ஏறி, விட்ட இடத்தில் போன் பேச்சைத் தொடர்ந்தார்கள். இந்த ஊரை நான் விரும்ப ஆரம்பித்துவிட்டேன் என்பது எனக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

செம்பூரில், அடுக்குமாடிகளுக்கு நடுவே, துருப்பிடித்த தகர வேலி அடைத்த ஒரு காலி மனை முன்னால் வைதேகி நின்றாள். உள்ளே ஆள் உயரத்துக்குக் களை. ஒரு பழைய ஸ்கூட்டரின் எலும்பு.

"எங்கப்பா வாங்கின இடம். வீடு கட்டணும்னு பிளான்கூட போட்டு வெச்சிருந்தார். அதுக்குள்ள ஊரோட பெரிய மேப்ல இந்த மனைக்குப் பச்சை அடிச்சுட்டா, பார்க் வரப்போறதுன்னு. அதுக்குப் பேர்தான் ரிசர்வேஷன். விழுந்துடுத்துன்னா விழுந்துடுத்துதான். நிலம் உன் பேர்ல இருக்கும், ஆனா நீ ஒண்ணும் பண்ண முடியாது. பார்க்கும் வரலே, வீடும் வரலே, அப்பாவும் போயாச்சு." அவள் வேலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பாம்பேல நிலம் வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். நிலமே இல்லாதவாளுக்கு இன்னும் மோசம், மேல நின்னுண்டிருக்கிற வீடே போயிடும். உனக்கு ரிசர்வ்னா காடு. அவாளுக்கு அது வேற."

எனக்கு அதுவரை ரிசர்வேஷன் என்றால் ரயில் சீட்டு. அந்தச் சொல்லை இத்தனை லேசாகக் கையில் எடுத்துக்கொண்டு தாராவிக்குள் போனேனே என்று கூசியது. எதிரே ஒரு வண்டியில் பானிபூரி சாப்பிட்டோம். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது நல்லதாகப் போயிற்று.

"இந்த மேப் கலர்ல ஒரு பாஷை இருக்கு" என்றாள் வைதேகி, கடைசிப் பூரியை விழுங்கிவிட்டு. "பச்சைன்னா பார்க், நீலம்னா கடைகண்ணி. மஞ்சள்னா என்ன தெரியுமோ? ரெசிடென்ஷியல். ஜனங்க குடியிருக்கிற இடம். பாம்பேல எல்லாருக்கும் ஆசை தன் இடம் மஞ்சளா இருக்கணும்னு."

என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவள் மேஜையில் உட்கார்ந்து ஊர்த்தோட்டத்துக்கு மஞ்சள் அடித்தாள். கம்பெனியில் யாராவது பார்த்தால் வேலை போய்விடும் என்று சிரித்துக்கொண்டே அடித்தாள்.

ஞாயிறு. கூட்டம் ஒரு சின்னக் கோயிலின் மேல்மாடியில். இடம் கொள்ளாத ஜனம். கல்யாணிலிருந்துகூட வந்திருந்தார்கள். காலையில் முறுக்குச் சுட்ட சூடு இன்னும் முகத்தில் ஆறாத பெண்கள், டை கட்டிக்கொண்டு அப்படியே டியூட்டிக்குப் போக வேண்டிய பையன்கள். அண்ணாச்சி கூட்டத்தை நடத்திய விதத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். யார் பேசினாலும் பேசி முடிக்கும்வரை குறுக்கே யாரும் பேசக் கூடாது. தமிழ் சரியாக வராத இளவட்டங்களுக்காக ஒரு பெண் ஒவ்வொரு பேச்சையும் இந்தியில் திருப்பிச் சொன்னாள். எங்கள் மாவட்டத்தில் நான் உட்கார்ந்த எந்த அரசுக் கூட்டமும் இத்தனை ஒழுங்காக நடந்ததில்லை.

கம்பெனிக்காரர் முதலில் பேசினார். நல்ல மாதிரியான இளைஞர், நல்ல தமிழ். விடுதிப் படங்களைத் திரையில் காட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் வரப்போகும் தொகையைச் சொன்னபோது பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு ஓடியது. பக்கத்தில் இருந்த அண்ணாச்சி எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "முத்துக்கனி இருக்குறது மாடி வீடு. கீழ் வீட்டுக்காரனுக்காவது இடிச்சுக் கட்டுற புதுசுல ஏதாச்சும் கெடைக்கும்னு சொல்லுதாவ. மாடி வீட்டுக்கு என்னன்னு யாருக்கும் தெரியல. இந்தத் துட்டு வந்தா எங்கயாச்சும் ஒரு கோலிக்கு, ஒத்த ரூமுக்கு, அட்வான்ஸ் குடுத்துப் போட்டுக் குடியேறிருவா." முத்துக்கனி அக்கா முன்வரிசையில் கன்னத்தில் கைவைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மந்திகளுக்கு வழி வேண்டும் என்றால் இவள் கையில் வருவதைத் தட்டிவிட வேண்டும். அதை நினைத்தபோது சுருளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒரு பையன் கேட்டான், மரம் வெட்டினால் குரங்குகள் என்ன ஆகும் என்று.

"கவலையே வேண்டாம்" என்றார் கம்பெனிக்காரர். "எல்லாத்தையும் பத்திரமா பிடிச்சு வேற ஒரு காட்டுல விடுவோம். அதுக்கு எக்ஸ்பர்ட்ஸ் இருக்காங்க. விடுதியைச் சுத்தி நாங்க புது மரம் நடுவோம். அது வளர்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டுருவோம். தற்காலிகம்தான்."

இந்தியில் சொல்லும் பெண் அதைச் சொல்லி முடித்தாள். முத்துக்கனி அக்கா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப அதுவளுக்கு டிரான்சிட் கேம்ப்புன்னு சொல்லுங்க."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. கம்பெனிக்காரரும் சிரித்தார். பிறகு, ஒவ்வொரு வரிசையாக, சிரிப்பு நின்றது. அங்கே இருந்தவர்களில் அந்தச் சொல் தெரியாதவர்கள் நானும் அவரும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். மும்பையில் பழைய கட்டடத்தை இடிக்கும்போது குடியிருப்பவர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம் அது. கொஞ்ச காலத்துக்கு என்றுதான் சொல்வார்கள்.

"சிரிக்காதீய" என்றாள் அவள். "கொஞ்ச நாளுன்னுதான் எங்களயும் கொண்டு வச்சாவ. எனக்குக் கல்யாணம் ஆனது அங்க. ரெண்டு பிள்ள பெத்தது அங்க. எங்க வீட்டுக்காரவ்வொ செத்ததும் அங்கதான். கட்டுன பில்டிங்குல எங்க பேரு இல்லன்னு பொறவு சொன்னாவ. கொண்டு விடுதவனுக்கு அது ஒரு நாள் வேல, தம்பி. போயி இருக்குதவளுக்கு ஆயுசு."

அந்த இளைஞர் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்த வார்த்தையைத்தான் அவர் சொன்னார்.

பிறகு நான் வரைபடத்தை விரித்தேன். காப்பகம் என்றும் சொல்லவில்லை, ரிசர்வ் என்றும் சொல்லவில்லை. இது சோலைமந்தி போகிற வழி, இந்த மரம் அதன் சாப்பாடு, இங்கே கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று விரலை வைத்துக் காட்டினேன். முத்துக்கனி அக்கா எழுந்து கிட்டே வந்தாள்.

"மஞ்சள் அடிச்சிருக்கீய."

"ஆமாக்கா."

"மஞ்சள்னா வீடுலா?"

"ஆமா. அதுங்க வீடு."

"கொரங்குக்குப் பட்டா குடுக்கப் போறீயளா?"

"பட்டா உங்க பேர்லயேதான் இருக்கும். ஊர்ப் பேரும் மாறாது. நீங்களே ஒரு கமிட்டி போட்டுப் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ஒத்துக்கிட்டா மரம் வெட்ட முடியாது, விடுதி கட்ட முடியாது. அவர் சொன்ன பணம் வராது. நான் குடுக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

இந்திப் பெண் இதையும் சொன்னாள். கடைசி வரியைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது.

அந்த ஊரில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். சம்மதம் என்றால் வீட்டுக்கு ஒருவர் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் தட்டை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், காரணம் சொல்லத் தேவையில்லை. மும்பைக்கு வந்தும் இதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வெற்றிலை போடுகிறவர்கள் குறைந்துவிட்டதால் பையன்கள் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் காப்பகத்துக்கான தட்டு. கடைசி வரிசையில் ஆரம்பித்தது. ஒருவர் எடுத்தார். ஒருவர் யோசித்து எடுத்தார். டை கட்டிய பையன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு எடுத்தான். தட்டு முன்வரிசைக்கு வந்து முத்துக்கனி அக்கா கையில் நின்றது. அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அவளை அவசரப்படுத்த அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. எல்லோருக்கும் அவள் வீடு தெரியும்.

"ஒண்ணு எழுதணும்" என்றாள் கடைசியில், என்னைப் பார்த்து. "இந்த எடத்துல இருக்குத எதையும், யாரையும், தற்காலிகம்னு சொல்லி வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. கொரங்கா இருந்தாலும் சரி, மனுசனா இருந்தாலும் சரி. மொத வரியா எழுதுங்க."

வரைபடத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன். உரக்கப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். அந்தப் பெண் இந்தியில் சொன்னாள். வனத்துறைக்கான திட்டங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். மேற்கோள், அட்டவணை எல்லாம் போட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவான வரி எதிலும் இல்லை.

முத்துக்கனி அக்கா ஒரு வெற்றிலையை எடுத்தாள். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாயில் வைத்துக்கொண்டாள். தட்டு நகர்ந்தது. அதற்குப் பிறகும் யாரும் தள்ளவில்லை; கம்பெனிக்கான தட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அண்ணாச்சி என் தோளில் லேசாகத் தட்டி, "தங்கச்சி, சாப்பிட்டுட்டுத்தான் போணும்" என்றார். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து பாயைச் சுருட்டுகிறவர்களுக்கு உதவப் போனேன்.

புரோட்டாவும் சால்னாவும் வந்தன. ஒரு பக்கம் சாப்பாடு நடக்க, இன்னொரு பக்கம் கமிட்டிக்குப் பேர் சொல்லச் சொன்னேன். ஒருவர் விடாமல் முதல் பேராக முத்துக்கனி என்றார்கள். அவள் வேண்டாம் என்றாள், பிறகு சரி என்றாள். பேர், தகப்பனார் பேர், வயது எல்லாம் எழுதிக்கொண்டேன்.

"நிலையான முகவரி, அக்கா?"

அவள் பிய்த்த புரோட்டாவைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"தாராவின்னு எழுதாதீய. அது இருக்குமோ இருக்காதோ, நான் எங்க இருப்பனோ. அந்தத் தோட்டத்துச் சர்வே நம்பர எழுதிக்கிடுங்க. அங்கன இருந்து யாரையும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீய."

சர்வே நம்பரை அவளே மனப்பாடமாகச் சொன்னாள். அங்கே கூரை கிடையாது, வாசல் கிடையாது, தபால்காரர் போக வழி கிடையாது. அவள் சொன்னபடியே எழுதினேன்.